தாழ்ந்த விளிம்பு

பூனை சுத்தக்காரப் பிராணி. பிறந்து சில வாரமே ஆன குட்டிகூட மண்ணைக் கண்டால் யாரும் சொல்லித் தராமலே தோண்டும், போய்விட்டு மூடும், மூடியதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகரும். அந்தப் பழக்கத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிசகாமல் காத்துவந்த பூனை வயதான காலத்தில் கூடத்திலும் கால்மிதியிலும் போக ஆரம்பித்தால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு 'திமிர்' என்பதுதான். 'வேணும்னே பண்ணுது', 'நாம ஊருக்குப் போயிட்டு வந்த கோபம்' என்றெல்லாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பழிதீர்ப்பதற்காக மூத்திரம் போகும் குணம் எந்தப் பூனைக்கும் கிடையாது. வயதான பூனை இடம் மாறிப் போகிறதென்றால் அதன் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. பூனை அங்கே போய்வந்தது. பெரும்பாலான பூனைகள் கிழப்பருவம் வரை பிழைத்திருக்கவும் இல்லை. அமெரிக்காவிலேயே 1947 வரை வீட்டுப் பூனையின் தொட்டியில் சாம்பலும் மணலும் மரத்தூளும்தான். அந்த வருடம் மிச்சிகன் மாநிலத்து எட்வர்ட் லோ களிமண் துகள்களைப் பையில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகுதான் பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வாழ வழி பிறந்தது. சென்னை அடுக்ககங்களில் இன்று 14, 15 வயதுப் பூனைகள் அபூர்வமில்லை. அவற்றின் முதுமையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு நமக்குப் பரம்பரை அறிவு எதுவும் கையில் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுச் சின்னிக்கு 14 வயது. குளியலறை மூலையில் அவளுடைய மண் தொட்டி. அதற்கு வெளியே, தொட்டியை ஒட்டியே, ஈரம் தென்பட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் நின்று அவளைக் கவனித்தேன். குளியலறை வாசலில் இருக்கும் தடுப்பைத் தாண்டுவதற்கு முன்பே ஒரு கணம் தயங்கினாள். தொட்டியின் விளிம்பில் முன்கால் இரண்டையும் வைத்தாள். உடம்பைத் தூக்கி உள்ளே போனாள். பின்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன, இடதுகால் விளிம்பில் உரசியது. பிறகு மண்ணில் குந்தப் பார்த்தாள். பாதி குந்திய நிலையில் தொடைகள் நடுங்கின. அப்படியே எழுந்து நின்றவாறே இருந்தாள். மூத்திரம் விளிம்புக்கு மேலாகச் சுவரில் பட்டு வெளியே வழிந்தது. முடித்ததும் திரும்பி, மண்ணை ஒழுங்காக மூடினாள். தன் கடமையை அவள் கைவிடவில்லை. அவளால் குந்த முடியவில்லை, அவ்வளவுதான்.

வயதான பூனையின் மூட்டுகளைப் பற்றி 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள்; 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது, முனகாது. பீரோ மேல் ஏறுவதை நிறுத்திவிடும். கட்டிலுக்கு ஒரே தாவலில் போனது நாற்காலி வழியாகப் போகும். முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து ரோமம் சிக்குப் பிடிக்கும். இவற்றை 'வயசாயிடுச்சு, சும்மா படுத்திருக்கு' என்று நாம் கடந்துவிடுகிறோம். மண் தொட்டியின் விளிம்புதான் கடைசியில் குட்டை உடைக்கிறது.

மருத்துவர் சின்னியின் இடுப்பையும் முழங்கால்களையும் தடவிப் பார்த்ததோடு விடவில்லை. ரத்தம், மூத்திரம் இரண்டையும் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீரக நோயின் ஆரம்பம் என்று தெரியவந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும், எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் பழுதான பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். சர்க்கரை நோயிலும் அப்படியே. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் அப்படி ஆவதுண்டு. இந்த இடத்தில்தான் எனக்கு முழுக் கணக்கும் புரிந்தது. சிறுநீரகம் அவளை முன்பைவிட அதிகத் தடவை தொட்டிக்கு அனுப்புகிறது. மூட்டு ஒவ்வொரு தடவையும் வலியாகக் கூலி வாங்குகிறது. ஒரு கட்டத்தில் எந்த உயிரும் பக்கத்தில் இருக்கும் மெத்தான கால்மிதியைத்தான் தேடும்.

அதனால், தொட்டியை மாற்றுவதற்கு முன்பு மருத்துவரிடம் போவது முதல் வேலை. மலச்சிக்கலா, மூத்திரப்பையில் கிருமியா, கல்லா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. ஆண் பூனை அடிக்கடி தொட்டிக்குப் போய் முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரை வாங்கிவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: மூட்டுவலி என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். பூனைக்கான வலி மருந்து தனி. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முட்டி வலிக்கும் பாட்டிக்கு வெஸ்டர்ன் கழிப்பறை வைத்து, சுவரில் பிடிமானக் கம்பி போடுகிறோமே, பூனைக்குச் செய்ய வேண்டியதும் அதுதான். துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கினோம். பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் உள்ளே திரும்ப இடம் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினோம். மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருந்தன. நின்றபடி போனாலும் வெளியே தெறிக்காது. குளியலறையின் ஈர டைல்ஸில் கால் வழுக்கும் என்பதால் தொட்டி கூடத்தின் ஒதுக்குப்புறத்துக்கு வந்தது, அடியில் ரப்பர் விரிப்போடு. அவள் பகலெல்லாம் தூங்கும் அறையில் இன்னொன்று வைத்தோம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிழப்பூனைக்கு அது இன்னும் பொருந்தும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்கக் கூடாது. அது திடீரென்று சுழல ஆரம்பித்தால் பயந்த பூனை அந்தப் பக்கமே வராது. கண் மங்கிய பூனைக்கு இரவில் ஒரு சிறிய விடிவிளக்கு போதும்.

மண்ணிலும் விஷயம் இருக்கிறது. கட்டட வேலைக்கு வரும் எம்.சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது. அதன் கூர் முனைகள் தேய்ந்த பாதத்தில் குத்தும். கடையில் 'லிட்டர்' என்று விற்கும் பூனை மண்ணில் மணமூட்டியது நம் மூக்குக்காகச் செய்தது. மல்லிகை வாசமும் லாவெண்டர் வாசமும் பூனைக்கு எரிச்சல்தான். நயமான, வாசமில்லாத பென்டோனைட் களிமண் நல்லது. ஆழமாகக் கொட்டினால் காலூன்ற முடியாமல் புதையும், அதனால் இரண்டு அங்குலம் போதும். பென்டோனைட்டில் மூத்திரம் கட்டியாக இறுகுவதால் இன்னொரு நன்மையும் உண்டு: தினமும் அள்ளும்போது கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது என்பது தெரியும். திடீரென்று பெரிதானாலும் சிறியதாகிப் பலவானாலும் அது மருத்துவருக்கான செய்தி.

சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகளில் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாடை வந்ததும் கை பினாயில் பாட்டிலுக்குப் போகிறது. கறுப்பு பினாயில் ஃபீனால் வகையைச் சேர்ந்தது. அதை முறித்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்குச் சரிவர வேலை செய்வதில்லை. வெள்ளை பினாயிலின் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினால் விஷம் நேராக வயிற்றுக்குள் போகிறது. அதோடு, பினாயிலால் பூனை மூத்திர வாடை போவதும் இல்லை. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலத்தின் படிகங்கள் தண்ணீரில் எளிதில் கரையாமல் டைல்ஸ் இடுக்கில் தங்கி, சென்னையின் புழுக்கத்தில் ஈரம் பட்டதும் மறுபடி நாறும். பூனை அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்கு வரும். என்சைம் கலந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது. ஈரத்தை முதலில் ஒற்றி எடுத்துவிட்டு அதை ஊற்றி, தானாக உலரவிட வேண்டும். கறை எங்கே என்று தெரியாவிட்டால் இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கலாம்; காய்ந்த மூத்திரம் மினுங்கும்.

இவ்வளவு செய்தும் சில பூனைகள் தொட்டியை மறந்துவிடும். மனிதருக்கு வரும் மறதி நோய் போன்ற ஒன்று பூனைக்கும் உண்டு. நடுராத்திரியில் காரணமில்லாமல் உரக்கக் கத்தும், பழகிய அறையில் திகைத்து நிற்கும். அதற்குத் தொட்டியின் எண்ணிக்கையைக் கூட்டி, வைத்த இடத்தை மாற்றாமல் இருப்பதே பெரிய உதவி. மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, பால்கனியில் பூட்டுவது எதனாலும் பலன் இல்லை. பயந்த பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்து போகும், அவ்வளவே.

சின்னி இப்போது தாழ்ந்த விளிம்பு வழியாக நடந்தே உள்ளே போகிறாள். நோய் போய்விடவில்லை, மருந்தும் சிறுநீரகத்துக்கான உணவும் தொடர்கின்றன. வீடு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

இதை எழுதக் காரணம், வீட்டில் அசிங்கம் பண்ணுகிறது என்று வயதான பூனைகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவரும் வழக்கம் இன்னும் இருப்பதுதான். 'அங்கே மீன் கிடைக்கும், பிழைச்சுக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கொழுத்த தெருப்பூனைகளும் நாய்களும் ஆளும் இடத்தில், குதிக்க முடியாத, சிறுநீரகம் கெட்ட பூனை பிழைக்காது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பணவசதி இல்லாதவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் பூனை தொட்டிக்கு வெளியே போனால், தயவுசெய்து சாக்கைத் தேடாதீர்கள். முதலில் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.