புகார் கேட்கும் வேலை

டெபியனுக்கு முதலாளி கிடையாது. 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் அறிவித்த இந்த இயங்குதளத்தை, இன்று பல நாடுகளில் இருக்கும் சுமார் ஆயிரம் டெவலப்பர்களும் அவர்களோடு சேர்ந்துழைக்கும் தன்னார்வலர்களும் நடத்துகிறார்கள். திட்டத் தலைவரை ஆண்டுதோறும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். அவரால்கூட யாரையும் பிடித்து வேலை வாங்க முடியாது. திட்டத்துக்காக உழைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று எங்கள் சாசனமே சொல்கிறது. உபுண்டு இதன் மேல்தான் எழுந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான்.

2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பான ட்ரிக்ஸியில் 69,000க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள், இருக்கின்றன. ஆட்களின் எண்ணிக்கையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். சில பேக்கேஜ்களுக்கு ஒரு குழுவே இருக்கும். பலவற்றுக்கு ஒரே ஆள். அந்த ஒரே ஆளும் வேலை மாறி, குழந்தை பிறந்து, அல்லது வெறுமனே அலுத்துப்போய் விலகியிருப்பார். ஆதரவில்லாமல் நிற்பவை, கைமாற்றக் காத்திருப்பவை, உதவி கேட்பவை என்று இவற்றுக்குத் தனிப் பட்டியலே உண்டு. உள்ளே வர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. அதை நிறுவிக்கொண்டால், உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவியிருப்பவற்றில் எதற்கு ஆள் தேவை என்று அதுவே சொல்லிவிடும்.

உங்கள் கணினியில் இருப்பது என்பது முக்கியம். தினமும் பயன்படுத்தாத ஒன்றைப் பராமரிப்பது கடினம். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது, தப்பாக நடந்தாலும் உறைக்காது.

தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்வது? நிரல் எழுத உட்கார வேண்டாம். அதன் மேல் வந்திருக்கும் புகார்களைப் படியுங்கள். டெபியனில் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். பேச்சு முழுவதும் எல்லோரும் பார்க்கும்படி அதன்கீழ் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு கடுமையான வழு என்பதற்கும் படிநிலைகள் உண்டு. மேல்மட்ட மூன்றில் ஒன்றாக இருந்தால் அந்தப் பேக்கேஜ் அடுத்த பதிப்புக்குள் போக முடியாமல் நின்றுவிடும். கீழே, வெறும் விருப்பம் என்ற வகையில், பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ கேட்ட ஒரு சின்ன வசதி பதிலில்லாமல் கிடக்கும்.

பழைய வழு ஒன்றை எடுத்து, இன்றைய பதிப்பில் அது இன்னும் வருகிறதா என்று சோதித்து எழுதுவதே புதியவர் செய்யக்கூடிய ஆகச்சிறந்த முதல் வேலை. வருகிறது என்றால் எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளைக்கு, என்ன எதிர்பார்த்து என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும். வரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இப்படி ஐந்தாறு வழுக்களை ஒருவர் தெளிவாக்கிக் கொடுத்துவிட்டால், பராமரிப்பாளர் அந்தப் பெயரை மறக்கவே மாட்டார். நான் மறந்ததில்லை.

பேக்கேஜ் கட்டும் வேலையும் ஒரு வகையில் புகார் கேட்பதுதான். மென்பொருளை எழுதிய மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிட்டதும் அதை இறக்கி, எங்கள் கோப்புகளை அதோடு பொருத்தி, எதுவும் இல்லாத சுத்தமான சூழலில் கட்டிப் பார்க்கிறோம். என் கணினியில் ஓடுகிறது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சொல்லாமல் விட்ட சார்பு ஒவ்வொன்றும் அந்தச் சூழலில் தலைநீட்டும். பிறகு லிண்டியன் என்ற கருவி பேக்கேஜைத் துருவித் துருவிப் பார்த்து, கையேடு இல்லை, உரிமக் குறிப்பு பழசு, எழுத்துப்பிழை என்று குறை சொல்லும். அதற்கடுத்து ஸ்பான்சர். பதிவேற்றும் உரிமை இன்னும் கிடைக்காதவருடைய பேக்கேஜை ஒரு டெவலப்பர் சரிபார்த்துத் தன் கையொப்பத்தோடு ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொரு கோப்பும் யாருக்குச் சொந்தம், எந்த உரிமத்தில் இருக்கிறது என்பதுவரை கேட்பார்கள். புதிய பேக்கேஜ் என்றால் அதன் பிறகும் வரிசையில் நின்று, உரிமங்களை ஆராயும் குழுவின் கண்ணைக் கடக்க வேண்டும். இது அலுவலகக் கெடுபிடி இல்லை. டெபியன் முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்று 1997இல் பயனர்களுக்குச் சமூக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த திட்டம் இது. அந்த வாக்கு காப்பாற்றப்படுவது இந்தச் சலிப்பூட்டும் சோதனைகளில்தான்.

இத்தனை குறைகளையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சபலம் வரும்: எச்சரிக்கையை எப்படியாவது வாயடைத்துவிட்டால் போதும் என்று. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டெபியனின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

2006இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் பேக்கேஜை ஆராய்ந்த வால்கிரின்ட் என்ற சோதனைக் கருவி, மதிப்பு ஏற்றப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று புகார் சொன்னது. அதை நிறுத்துவதற்காக ஒரே மாதிரியான இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்றை நீக்கியதில் பாதகமில்லை. மற்றொன்றுதான் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையை உள்ளே சேர்க்கும் வரி. அது போனதும், சாவிக்கு விதையாக மிஞ்சியது செயல்முறை எண் மட்டுமே. அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள்தான். டெபியன் டெவலப்பர் லூசியானோ பெல்லோவின் கண்டுபிடிப்பு 2008 மே மாதம் வெளியாகும்வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான, தொலைக் கணினிகளுக்குள் நுழைய உதவும் எத்தனையோ எஸ்எஸ்ஹெச் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. உலகெங்கும் அவற்றைத் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் டெபியனோடும் அதன் மேல் எழுந்தவற்றோடும் நின்றது, மூல நிரலுக்குள் போகவில்லை. திருத்தத்தை எப்போதும் மூல ஆசிரியருக்கு அனுப்பு, அவர் ஏற்காததை நம் பேக்கேஜில் வைத்திருக்க மிகவும் யோசி என்று மூத்தவர்கள் புதியவர்களிடம் அலுக்காமல் சொல்வது இதனால்தான்.

அதே வால்கிரின்ட் 2024இல் இன்னொரு முறை முணுமுணுத்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டெவலப்பர். டெபியனில் புதிய பதிப்புகள் முதலில் வந்துசேரும் சிட் கிளையில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் வால்கிரின்ட் சொன்ன ஒரு விநோதப் புகாரும் நினைவுக்கு வந்தது. விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். சிட் கிளைக்கும் சோதனைக் கிளைக்கும் வந்துவிட்ட அந்தப் பதிப்புகள் நிலையான பதிப்பை எட்டியிருக்கவில்லை. இவ்வளவு மெதுவாகவா போவது என்று எல்லோரும் கேலி செய்யும் எங்கள் நடைமுறை அன்றைக்குக் கொடுத்த அவகாசம் சாதாரணமானதல்ல.

அந்தக் கதவை வைத்தவர் உள்ளே வந்த பாதைதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஜியா டான் என்ற பெயரில் வந்தார். ஈராண்டுக்கு மேல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், வழுக்களைக் கவனித்தார், நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளர் ஆனார். புதியவர்களுக்கு நான் மேலே சொன்ன அதே படிகள். கூடவே முன்பின் தெரியாத சில பெயர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் ஒப்படையுங்கள் என்று மூலப் பராமரிப்பாளரை நச்சரித்தன. அவரோ தனியாள், நெடுநாள் மனநலச் சிக்கல்கள் இருப்பதாக வெளிப்படையாகவே எழுதியிருந்தவர்.

ஆக, புகாரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நிரலைப் பற்றியது. அதில் கட்டளை இருக்கும், பிழைச்செய்தி இருக்கும், சோதித்துப் பார்க்க வழி இருக்கும். மற்றது ஆளைப் பற்றியது. ஏன் இன்னும் முடிக்கவில்லை, எப்போது விலகுவாய் என்று கேட்பது. முதல் வகையை எவ்வளவு கேட்டாலும் தகும். இரண்டாவது வரும்போது அந்தப் பராமரிப்பாளருக்குப் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும்.

ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதில் டெபியன் பிடிவாதமாக இருப்பது இந்த விஷயத்தில் ஓரளவு உதவுகிறது. டெவலப்பர் ஆக விரும்புபவரின் ஜிபிஜி சாவியில், அதாவது மின்கையொப்பமிடப் பயன்படும் சாவியில், ஏற்கெனவே இருப்பவர்கள் நேரில் சந்தித்து அடையாள அட்டை பார்த்துக் கையொப்பமிடுவது நெடுநாள் வழக்கம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற சிறிய டெபியன் கூட்டம் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல்முறை. இப்படிப்பட்ட கூட்டங்களில் சாவிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கையுமாக ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். கையொப்பம் ஒருவர் யார் என்பதை மட்டும்தான் சொல்லும். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆனாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வழுவைத் துரத்திய இரண்டு பேரில் ஒருவர் சோர்ந்துபோனால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். அந்த அளவுக்காவது அறிமுகம் வேண்டும்.

பேக்கேஜின் கட்டுப்பாட்டுக் கோப்பில் பராமரிப்பாளர் பெயருக்குக் கீழே, உடன் பதிவேற்றுபவர்களுக்கென்று ஒரு வரி உண்டு. பல பேக்கேஜ்களில் அந்த வரியே இருக்காது. டெபியனுக்கு எழுபதாயிரமாவது பேக்கேஜைக் கொண்டுவருபவரைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் அந்த வரியை எழுதவைப்பவர் அதிகம் செய்கிறார் என்பது என் கட்சி. புதியதைக் கொண்டுவந்தவருக்குப் பாராட்டு உடனே கிடைக்கும். இரண்டாவது பெயராக இருப்பவருக்கு அது கிடைக்காமலே போகலாம். ஆனால் முதல் பெயருக்கு உரியவர் ஒரு மாதம் நிம்மதியாக விடுப்பு எடுக்க முடிகிறதென்றால், அது இவரால்தான்.