கருப்பூர்ச் சேலையின் பின்பக்கம்

கோடாலிகருப்பூருக்குப் போனால் கருப்பூர்ச் சேலையைப் பார்க்க முடியாது. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது ஊர். தஞ்சை மராத்திய அரண்மனைப் பெண்களுக்காகச் சேலை நெய்து, எழுதி, சாயமேற்றிய ஊர் என்பதற்கு ஓர் அடையாளமும் என் கண்ணில் படவில்லை. சேலையைப் பார்க்க லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கோ அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். எழுதும் கையைப் பார்க்க ஆற்றைத் தாண்டித் தென்பக்கம், கும்பகோணம் வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு வந்தால் போதும். நான் அங்கேதான் போனேன்.

போன நேரத்தில், துணியில் ஓவியம் எழுதும் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கூடத்தில், தேரில் தொங்கவிடும் தொம்பைக்கு யாளி எழுதிக்கொண்டிருந்தார்கள். தொம்பை, அஸ்மானகிரி என்னும் விதானத் துணி, பந்தல் துணி என்று கோயில் வேலைதான் இந்தக் குடும்பங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நாயக்கர் காலத்தில் தெலுங்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் பேச்சு இன்னும் தெலுங்குதான். 2021-ல் இந்த ஓவியத்துக்குக் ‘கருப்பூர் கலம்காரி’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. "எங்க பாட்டன் முப்பாட்டன்ல சில பேரு கருப்பூர்ல சேலைக்கு எழுதினவங்கதாம்மா" என்றார் பெரியவர். எழுபதைக் கடந்தவர். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதற்கு மேல் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். அந்தத் துணிப்பொதி சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். கோடு நடுங்காமல் போவது அந்த அழுத்தத்தில் இருக்கிறது.

சேலை என்ன மாதிரியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பருத்தி. அதில் தறியிலேயே தங்க ஜரிகையால் புட்டா போட்டிருப்பார்கள். ஜாம்தானி முறை அது. ஊடை நூல் போகும்போதே ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாகச் சின்னக் கண்டிலிருந்து ஜரிகையை எடுத்து, பாவு இழைகளை எண்ணி, விரலால் நுழைத்துத் திருப்புவது. இவ்வளவு பாடுபட்டு நெய்த துணி தறியை விட்டு இறங்கியதும் எழுதுகிறவர் கைக்குப் போகும். அவர் பூவைச் சுற்றி மெழுகால் கோடும் புள்ளியும் வைத்து, மிச்சத்தைச் சிவப்பிலும் கறுப்பிலும் முக்கிவிடுவார். நெய்த தங்கம் சாயத்துக்கு அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும்.

காஞ்சிப் பட்டில் ஜரிகை முன்னுக்கு வந்து நிற்கும். இங்கே ராஜாத்தி உடம்பில் பருத்தி, பருத்திக்குள் தங்கம், தங்கத்தின் மேல் வேரின் சிவப்பு. செல்வத்தை இவ்வளவு அடக்கமாக உடுத்திய ஆடை தமிழ்நாட்டில் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடக்கம் கண்ணுக்குத்தான், வேலையில் அது பெரிய பந்தயம். பெரியவர் அதை இப்படிச் சொன்னார்: "தறிக்காரரு ஒரு புட்டாவைக் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டாருன்னா நான் கோட்டை வளைச்சுச் சமாளிச்சிடுவேன். நான் தப்பு பண்ணினா அவரு வந்து ஒண்ணும் பண்ண முடியாது. அவரு மாசக்கணக்கா உக்காந்து நெய்ததெல்லாம் போச்சு."

சாய வேலையின் பாதியைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மருமகள். எழுதுகிறவர் பெயர் விருதில் வரும். அலசுகிறவர், காய்ச்சுகிறவர் பெயர் எங்கும் வராது. ஆனால் சேலை தேறுவதும் கெடுவதும் அவர் கையில்தான். கொல்லையில் என்னை உட்காரவைத்து அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் துணியின் கஞ்சி போக அலசி, சாண நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து வெளுக்க வேண்டும். அப்புறம் கடுக்காய்ப் பொடியை எருமைப்பாலில் கலந்து துணியை முக்கிப் பிழிவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். பசும்பாலில் அந்தக் கொழுப்பு போதாது. வெயில் ஏற ஏற அந்தத் துணியிலிருந்து வரும் புளித்த வாடையைத் தொழிலுக்குள் இருப்பவர்கள் கவனிப்பதேயில்லை.

கறுப்பு ஒரு பானைக்குள் இருந்தது. துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர், நாள்கணக்கில் புளிக்கவைத்தது. பார்த்தால் வெளிறிய தண்ணீர்தான். கடுக்காய் ஏறிய துணியில் குச்சியால் தொட்டதும் கண்ணெதிரே கறுத்தது. சிவப்பு இன்னும் தந்திரமானது. படிகாரக் கரைசலால் எழுதும்போது எழுதியது சரியாகத் தெரியக்கூடச் செய்யாது. காயவைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, வேர் போட்ட கொதிநீரில் துணியை இறக்கிக் கிளறினால், படிகாரம் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு ஏறும். மெழுகு வைத்த இடத்தில் படிகாரம் நுழைந்திருக்காது. கொதியில் மெழுகு உருகிப் போய், அந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். ஜரிகையின் உலோகத்தில் சாயம் பிடிக்காது. "ஆனா அசல் ஜரிகையா இருக்கணும்க்கா. செம்பு கலந்த பாதி ஜரிகைன்னா இந்தக் கொதியில கறுத்துப் போயிடும்" என்றார்.

தேங்கிய தண்ணீரில் அலசினால், பிரிந்து வந்த படிகாரம் பக்கத்து இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் திட்டு. கருப்பூர் ஏன் கொள்ளிடக் கரையில் இருந்தது என்பது மருமகள் அலசும் தொட்டியருகே நிற்கும்போது எனக்கு விளங்கியது. அவர் இப்போது அலசுவது போர்வெல் தண்ணீரில், குழாயைத் திறந்துவிட்டபடி. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றுக்குப் போவார்களாம்.

வேரும் மாறிவிட்டது. ராமேசுவரம் பக்கத்து மணலிலும் மன்னாரிலும் தோண்டி எடுத்த சாயவேர், அதாவது இம்பூரல், சோழமண்டலத் துணிகளின் சிவப்புக்குப் பேர்போனது. நூல் போல மெலிந்த வேர். கைநிறையச் சேர்க்கவே அரைநாள் தோண்ட வேண்டும். அதிலுள்ள நிறப்பொருளான அலிசரினை 1869-ல் ஐரோப்பியர்கள் ஆலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். வேர் தோண்டியவர்களின் பிழைப்பு அதோடு சரிந்தது. இங்கே இன்று மஞ்சிட்டியைப் போடுகிறார்கள். அவசர வேலைக்கு ஆலைப்பொடிதான்.

ஆனால் கருப்பூர்ச் சேலையை முடித்தது ஆலைச்சாயம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘காலம் மாறியது, ரசனை மாறியது’ என்று எழுதிக் கடந்துபோவது இங்கே பொருந்தாது. 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், 1856-ல் அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது: இது அரசின் செயல், இதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. அதை நான் நெசவின் வரலாறாகவும் படிக்கிறேன். ஊர்ச்சந்தையில் விற்ற சேலை இல்லை இது. இதற்கு வாடிக்கை அரண்மனை ஒன்றுதான். ராணியின் பெட்டகத்துக்கே முத்திரை வைத்தபிறகு, ஆற்றங்கரையில் மாசக்கணக்கில் தறியில் உட்காருகிறவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தறியும் குச்சியும் பிரிந்தன. குச்சிக்குக் கோயில் இருந்தது. இந்தப் புட்டாவைப் போட்ட தறிக்கு ஒன்றும் இல்லை.

பிற்காலத்தில் நெசவாளர் சேவை மையம் போன்ற அமைப்புகள் பழைய மாதிரிகளை வைத்து மறுபடி நெய்ய முயன்றன. அருமையான துணிகள் வந்தன, ஆனால் தொடர்ந்து வரவில்லை. 2021-ல் கிடைத்த குறியீடும் ஓவியத்துக்குத்தான். ஜரிகை ஜாம்தானி அதற்குள் வராது. இன்று கடைகளில் ‘கருப்பூர்’ என்று தொங்கும் சேலைகளில் பல, பூவையும் மஞ்சள் சாயத்தால் அச்சிட்டவை. குறைந்த விலையில் ஒரு பெண் விரும்பி உடுத்த அதுவும் வேண்டியதுதான். அந்தப் பெயரை அதற்குக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜரிகையை நெய்து, கெட்டுப்போகலாம் என்று தெரிந்தே கொதியில் இறக்கிய துணிச்சல் அந்தப் பெயரில் இருக்கிறது.

மருமகளிடம் என் கைபேசியில் அருங்காட்சியகச் சேலை ஒன்றின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, நகர்த்தி, வெகுநேரம் பார்த்தார். அழகைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பின்பக்கம் படம் இருக்கா அக்கா?" என்று கேட்டார். இல்லை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் முகப்பைத்தான் படம் பிடிக்கின்றன. ஆய்வாளர்கள் கேட்டால் கையுறை போட்டுத் திருப்பிக் காட்டுவார்கள். தொழிலாளி கேட்க வழியில்லை, கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. அந்தச் சேலையை மறுபடி செய்யக்கூடியவருக்கு அதைத் தொட்டுப் பார்க்கும் உரிமை முதலில் வர வேண்டும் என்று நான் நம்புகிறேன். அகமதாபாத், லண்டன் இரண்டுக்கும் எழுதுவதாகச் சொன்னேன், எழுதியும் இருக்கிறேன்.

என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். மெழுகுக் கோடு பின்பக்கமும் அதே கூர்மையோடு இருக்கிறதா, இல்லை ஒரு பக்கம் மட்டுமா. கறுப்பு ஓடின இடத்தில் துணி இற்றிருக்கிறதா. இற்றிருந்தால் இரும்புக் கரைசல் கடுமையாக இருந்திருக்கிறது. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஜரிகையை வெட்டினார்களா, அப்படியே இழுத்துக்கொண்டு போனார்களா. இழுத்திருந்தால் அந்த இழைக்கு அடியில் சாயம் எப்படி ஏறியது.