ஐந்து கொடிகளின் பாரம்

2025 ஜனவரி 14. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே, 17,222 பேர் உட்காரக்கூடிய அசெம்ப்ளி ஹாலில் கொதிப்பு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே இல்லினாய் அணி 94-69 என்று துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தது. மூன்று நாட்களுக்கு முன்புதான் அயோவாவிடம் 85-60 என்று தோற்றுத் திரும்பியிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் சரியாக 25 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. கூட்டம் முதலில் ஊளையிட்டது. பிறகு ஒரு கோஷம் கிளம்பி அரங்கில் பரவியது: பயிற்சியாளர் வுட்ஸனை வேலையை விட்டுத் தூக்கு.

தூக்கப்பட வேண்டிய அந்த மனிதர் அந்நியர் அல்ல. மைக் வுட்ஸன் இதே மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபொலிஸில் வளர்ந்தவர். 1976 முதல் 1980 வரை இதே அரங்கில், இதே சிவப்பு வெள்ளைச் சீருடையில் ஆடி, மொத்தம் 2,061 புள்ளிகள் குவித்தவர். கடைசி ஆண்டில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பாதி சீசனை இழந்தார். திரும்பி வந்து அவர் ஆடிய ஆறு லீக் ஆட்டங்களிலும் அணி ஜெயித்தது. ‘பிக் டென்’ லீகின் பட்டமும் கிடைத்தது. அன்று தோளில் தூக்கிக் கொண்டாடிய ஊர்தான் 45 ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையை வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னது.

ஒரு கல்லூரி அணி தோற்பதற்கு இத்தனை ஆவேசமா? விடை தெரிய வேண்டுமானால் ப்ளூமிங்டனைப் பார்க்க வேண்டும்.

இண்டியானாபொலிஸிலிருந்து தென்மேற்காக சுமார் 80 கி.மீ. மாநிலத்தின் வடக்கும் நடுவும் தட்டையான சோள வயல்கள் என்றால், இந்தப் பக்கம் வந்ததும் நிலம் மெல்ல மேடு பள்ளமாகிறது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். ப்ளூமிங்டனுக்கும் பெட்ஃபர்டுக்கும் இடையில் வெட்டியெடுத்த கல்தான் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை மூடியிருக்கிறது. அதே கல்லால் எழுந்தவைதான் 1820ல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்களும். மரங்கள் அடர்ந்த வளாகம், நடுவே ஊர் நீதிமன்றச் சதுக்கம், சுற்றிலும் புத்தகக் கடைகளும் உணவகங்களும். பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் ஊரில் பாதி இருக்காது.

கூடைப்பந்து பிறந்தது 1891ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில். ஆனால் வளர்ந்த வீடு இண்டியானா. காரணங்கள் எளிமையானவை. அறுவடை முடிந்து நீண்ட குளிர்காலம்; வயலில் வேலை இல்லை. அமெரிக்கக் கால்பந்து ஆடப் பதினொரு பையன்களைத் திரட்ட முடியாத குட்டிக் கிராமப் பள்ளிக்கும் கூடைப்பந்துக்கு ஐந்து பேர் கிடைத்துவிடுவார்கள். களஞ்சியத்தின் சுவரில் ஒரு இரும்பு வளையத்தை அடித்துவிட்டால் மைதானம் தயார். நம் ஊர்ச் சந்துகளில் சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுகள் ஸ்டம்பாவது போல.

1954ல் மிலன் என்ற சிற்றூரின் பள்ளி, மொத்த மாணவர்களே 161 பேர், மாநில இறுதிப் போட்டியில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று கடைசி நொடிகளில் வீழ்த்தியது. 1986ல் ‘ஹூஸியர்ஸ்’ என்ற திரைப்படம் வந்தது இந்தச் சம்பவத்தின் சாயலில்தான். ‘ஹூஸியர்’ என்பது இந்த மாநிலத்துக்காரர்களின் செல்லப் பெயர். பல்கலைக்கழக அணியின் பெயரும் அதுவே. நியூ காஸில் என்ற சிறு நகரத்தின் உயர்நிலைப் பள்ளி அரங்கில் 8,000 பேருக்கு மேல் உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஊரே திரளும் பழக்கத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் பழக்கம் உச்சம் தொடும் இடம் அசெம்ப்ளி ஹால். 1971ல் திறக்கப்பட்டது. 2013ல் கிடைத்த 4 கோடி டாலர் நன்கொடையில் புதுப்பிக்கப்பட்டு, கொடுத்தவரின் பெயரும் முன்னால் சேர்ந்துகொண்டது. ஊர் வாயில் பழைய பெயர்தான். இரண்டு பக்கமும் செங்குத்தாக ஏறும் இருக்கைகள். மேல் வரிசையில் உட்கார்ந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். சத்தம் வெளியே போக வழியில்லாமல் ஆட்டக்காரர்களின் தலையில் இறங்கும். மிட்டாய்க் கோடு போட்ட கால்சட்டையுடன் வீரர்கள் பயிற்சிக்கு ஓடிவருவார்கள். இரண்டாவது பாதியின் ஓர் இடைவேளையில் ரொசினியின் ‘வில்லியம் டெல்’ இசை முழங்க, கொடிகளுடன் இளைஞர்கள் களத்தைச் சுற்றி ஓடுவார்கள். சட்டையின் முதுகில் வீரரின் பெயர் கிடையாது என்பது நீண்ட கால மரபு. முன்னால் இருக்கும் பெயர்தான் முக்கியமாம்.

கூரையிலிருந்து ஐந்து கொடிகள் தொங்குகின்றன: 1940, 1953, 1976, 1981, 1987. தேசிய சாம்பியன் பட்டம் வென்ற ஆண்டுகள். முதல் இரண்டும் பிராஞ்ச் மெக்ராக்கன் வாங்கித் தந்தவை. மற்ற மூன்றும் பாப் நைட் காலத்தவை.

நைட்டைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச முடியாது. 1971லிருந்து 29 சீசன்கள். 1976ல் அவருடைய அணி 32 ஆட்டங்கள் ஆடி 32லும் வென்றது. ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம் வெல்வது அதற்குப் பிறகு 2025 வரை எந்த ஆண்கள் அணிக்கும் கைகூடவில்லை. அவருடைய வீரர்கள் ஒழுங்காகப் படித்துப் பட்டமும் வாங்கினார்கள். மறுபக்கம், அவருடைய கோபம். 1985 பிப்ரவரி 23 அன்று, பரம வைரி பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தில், நடுவர்கள் மீதிருந்த ஆத்திரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிக் களத்தின் குறுக்கே எறிந்தார். ஊர் சிரித்து மன்னித்தது. பயிற்சியின்போது ஒரு வீரரின் கழுத்தில் கை வைத்த வீடியோ 2000ல் வெளியானபோது நிர்வாகம் எச்சரித்தது; அதே செப்டம்பரில் பதவியைப் பறித்தது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டை நோக்கித் திரண்டார்கள். நைட் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இந்த அரங்கை மிதிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கதறியது. 2023 நவம்பரில் அவர் காலமானார்.

அவர் போன பிறகு வந்தவர்களின் கதை, மாமியார் வீட்டில் மருமகள்கள் படும் பாடு. மைக் டேவிஸ் 2002ல் அணியை தேசிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், மேரிலாண்டிடம் தோற்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர் நைட் இல்லை என்ற குற்றம் நிரூபணமாகிவிட்டது. கெல்வின் சாம்ப்ஸன் ஆட்டங்களை ஜெயித்தார்; ஆனால் வீரர்களைச் சேர்ப்பதற்கான தொலைபேசி விதிமுறைகளை மீறிய புகாரில் 2008ல் 7.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு விலகினார். இடிந்த வீட்டைப் பொறுப்பேற்ற டாம் க்ரீனின் முதல் சீசன்: 6 வெற்றி, 25 தோல்வி. அதிலிருந்து மேலே வந்து, 2011 டிசம்பரில் நாட்டின் முதலிடத்தில் இருந்த கென்டக்கியை 73-72 என்று கடைசி நொடியில் வீழ்த்தினார். 2013லும் 2016லும் லீக் பட்டம் வாங்கினார். 2017ல் அவரும் வெளியே. ஆர்ச்சி மில்லர் நான்கு சீசன்கள் இருந்தும் தேசியப் போட்டியின் வாசலை ஒருமுறைகூட மிதிக்கவில்லை. 2021ல் அவரை அனுப்பிவைக்க ஒப்பந்தப்படி தரவேண்டியிருந்த தொகை ஒரு கோடி டாலருக்கும் மேல். தனியார் நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள்.

இதில் ரசிகனுக்கு எரிச்சலூட்டும் கொசுறு: விதி மீறியதற்காக விரட்டப்பட்ட சாம்ப்ஸன், 2025ல் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியை தேசிய இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 2024ல் அந்த இறுதிப் போட்டியில் நின்றது பர்டூ.

வெளியாட்கள் சரிப்படவில்லை என்றுதான் 2021ல் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வுட்ஸன் நைட்டின் சீடர், என்.பி.ஏ. அணிகளுக்குப் பயிற்சியளித்தவர். முதல் இரண்டு ஆண்டுகளிலும் அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2023ல் பர்டூவை இரண்டு முறை வென்றது. பிறகு சரிவு. 2024ல் தகுதி இல்லை. ரசிகர்களின் புகார்ப் பட்டியல் நீண்டது. உலகமே தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும்போது இவர்கள் இன்னும் வளையத்தடியில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். உதவிப் பயிற்சியாளர்கள் என்னதான் செய்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிகளின் நல்ல பையன்கள் ஏன் வேறு மாநிலம் போகிறார்கள்?

கோபத்தின் சுருதி ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பணம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் சுலபமாகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஆண்டுக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2 கோடி டாலர் வரை. முதுகில் பெயர் போடாத சட்டைக்குள் இப்போது பெயரை விற்கும் இளைஞன் இருக்கிறான். முன்பு 19 வயதுப் பையனைப் பார்த்து ஊளையிடக் கொஞ்சம் கூச்சம் இருந்தது, அவன் மாணவன். இப்போது அந்தக் கூச்சம் குறைந்துவிட்டது. டிக்கெட் வாங்கி, நன்கொடையும் கொடுத்த ரசிகன் தன்னைப் பார்வையாளன் என்று நினைப்பதில்லை. முதலாளி என்று நினைக்கிறான். முதலாளிக்குக் கணக்கு வேண்டும். கணக்கு சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர்.

இந்தியாவில் நமக்கு இது புரியாத பாஷை அல்ல. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டனில் பாட்டில்கள் பறந்து, இருக்கைகள் எரிந்து, ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றியைத் தர வேண்டியிருந்ததே. ப்ளூமிங்டனில் நெருப்பு இல்லை. ஆனால் கொல்கத்தா எரித்தது ஒரு நாள் கோபத்தை. இங்கே எரிவது 38 ஆண்டுக் கோபம்.

2025 பிப்ரவரி 7 அன்று, சீசன் முடிந்ததும் வுட்ஸன் விலகுவார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான்கு நாட்களில் மிச்சிகன் ஸ்டேட்டை அதன் மண்ணிலேயே 71-67 என்று அணி வீழ்த்தியது. பிப்ரவரி 23, நாற்காலி பறந்து சரியாக 40 ஆண்டுகள் நிறைந்த நாள். அதே அரங்கில், அதே பர்டூவை 73-58 என்று புரட்டியெடுத்தது. ஆறு வாரங்களுக்கு முன் விரட்டக் கூவிய அதே அரங்கில் அன்று ஆரவாரம். மார்ச் 16 அன்று தேசியப் போட்டிக்கான பட்டியல் வந்தபோது இண்டியானா நூலிழையில் வெளியே நின்றது. அடுத்த சில நாட்களில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து டாரியன் டிவ்ரீஸ் புதிய பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். இந்த முறை மீண்டும் வெளியாள்.

அசெம்ப்ளி ஹாலுக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம். பல தலைமுறைகளாக அங்கே தோல்வி ஒரு சம்பிரதாயம். கூடைப்பந்து சீசன் தொடங்கும் வரை பொழுது போக்க வருவார்கள், வெறுங்கையுடன் போவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 2024 சீசனில் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக இறங்கினார். 2026 ஜனவரியில் அதே கால்பந்து அணி 16 ஆட்டங்களில் 16ஐயும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. கூடைப்பந்துக்குக் காத்திருந்த ஊருக்குக் கால்பந்தில் பட்டம் வந்து சேர்ந்தது.

திறமையும் பணமும் இதற்குக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்த மைதானத்தில் புதிதாக வந்தவரை ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் லாபம். பக்கத்து அரங்கிலோ ஒவ்வொரு பயிற்சியாளரும் ஐந்து கொடிகளின் கடனோடுதான் உள்ளே நுழைகிறார். 20 வெற்றி கிடைத்தால் வட்டி கட்டியதாக மட்டுமே அர்த்தம்.

2025 ஜனவரியில் தொண்டை கிழியக் கத்திய 20 வயது மாணவர் பிறந்தது 2004 வாக்கில். கடைசிக் கொடி ஏறியது 1987ல். அவர் கேட்கும் அணியை அவர் பார்த்ததே இல்லை. அப்பா சொல்லிக் கேட்டதுதான். தான் பார்க்காத ஒன்றைப் பறிகொடுத்ததாக அவர் கோபப்படுகிறார். அப்பா பார்த்ததைத் தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மறுபடியும் டிக்கெட் வாங்குகிறார். அடுத்த பயிற்சியாளருக்கு இருக்கும் ஒரே நம்பிக்கையும், அவரைத் துரத்தப்போகும் ஒரே ஆபத்தும் அந்த டிக்கெட்தான்.