கணக்குக் கேட்கும் ஊர்

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில், மாகறல் என்றோர் ஊர். ஞானசம்பந்தர் பாடிய தலம் என்பர் பக்தர். பொன்னிற உடும்பாய் இறைவன் தோன்றினான் என்று தலபுராணம் பேசும். உடும்பின் கதையை அவ்வூர்ச் சிறுவனும் சொல்வான். உடும்புப் பிடி என்பது நம் மக்கள் வழக்கு அல்லவா? அந்தப் பிடியை நான் அங்கே கண்டது கருவறையில் அல்ல, தோழர்களே, கடன் சீட்டில்!

பொதுப் பணத்தில் நடக்கும் 'நிதிக் கல்வி' வகுப்பைக் காண அவ்வூருக்குச் சென்றிருந்தேன். கணக்காசிரியனாய்க் காலம் கழித்தவன் நான். கணக்கு என்று காதில் விழுந்தால் கால் தானே நடக்கும். நாற்காலிகள் இருபது, வந்தவர் முப்பது, எஞ்சியோர் தரையில். துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். இளைஞர் ஒருவர், நல்ல உள்ளம் படைத்தவர்தான், சேமிப்பின் சிறப்பைச் செந்தமிழில் செப்பினார். எறும்பைப் பாருங்கள் என்றார். தேனீயைப் பாருங்கள் என்றார். ஆடம்பரம் ஆகாது என்றார். யாரிடம்? கூழுக்கு உப்புத் தேடும் கூட்டத்திடம்!

முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி எழுந்தார். "தம்பி, சேக்கறது எங்களுக்குத் தெரியும். சுருக்குப்பையில சேத்துத்தான் மூணு பொண்ணக் கட்டிக் குடுத்தேன். தண்டல்காரர்கிட்ட எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கறேன். தினம் நூறு, நூறு நாளு கட்டறேன். இதுல வட்டி எவ்ளோ? அதச் சொல்லு" என்றார்.

இளைஞர் கையிலிருந்த துண்டறிக்கையைப் புரட்டினார். எறும்பு இருந்தது, இந்தக் கணக்கு இல்லை.

நான் சுண்ணக்கட்டி கேட்டு வாங்கினேன். தண்டல்காரர் என்ன சொல்வார்? "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டேன், நூற்றுக்குப் பதினைந்துதானே?" என்பார். கேட்பதற்கு எவ்வளவு எளிமை! ஆனால் அந்த எட்டாயிரத்தைந்நூறு நூறு நாளும் நம் கையில் இருந்ததா? இல்லை. மறுநாளே நூறு திரும்பிற்று. ஐம்பதாம் நாளுக்குள் ஐயாயிரம் திரும்பிவிட்டது. மொத்தக் காலத்தையும் சராசரி பார்த்தால், நம்மிடம் நின்ற கடன் ஏறத்தாழ நாலாயிரத்தைந்நூறு. அதற்கு நூறு நாளில் ஆயிரத்தைந்நூறு வட்டி. மூன்றில் ஒரு பங்கு! ஆண்டிலே இப்படி மூன்றரைக்கும் மேற்பட்ட நூறு நாட்கள். ஆக, ஆண்டுக்கு 120 விழுக்காடு. நூற்றுக்குப் பதினைந்து என்று சொன்ன நாக்கு, நூற்றிருபதை விழுங்குகிறது.

மூதாட்டி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இருபது வருசமா..." என்றவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

மாகறலை அடுத்த உத்திரமேரூருக்கு உலகப் புகழ் உண்டு. பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைப் பறைசாற்றுகின்றன. மேடைதோறும் அதைச் சொல்லி மார்தட்டுகிறோம். அந்தக் கல்லில் நான் வியப்பது குடத்தை அல்ல, கணக்கை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது. அவன் உறவினரும் கூடாது என்கிறது அந்த விதி. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்றொன்றும் இருந்தது. ஆனால், யாருக்குள்ளே நடந்தது இந்தக் கணக்கு? வேதம் கற்றிருக்க வேண்டும், நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும் என்று வரம்பு கட்டிய பார்ப்பனர் சபைக்குள்ளே! உழுதவன் பெயர் ஓலையில் இல்லை. நாற்று நட்டவள் பெயரோ நினைப்பிலும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த நாற்று நட்டவள் எழுந்து, 'வட்டி எவ்வளவு?' என்று கேட்கிறாள். கல்வெட்டைவிட அந்தக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காஞ்சிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதை எவரும் மேடையில் சொல்வதில்லை. கந்துவட்டியின் கழுத்துப் பிடியிலிருந்து உழவரை விடுவிக்க வழி என்ன என்று ஆராய்ந்து, ஜெர்மானிய நாட்டின் ரைபைசன் கூட்டுறவு முறையைப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற சென்னை மாகாண அதிகாரி. 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண் கடன் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டு அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று, எங்கே? காஞ்சிபுரத்தில்! வழி இந்த மண்ணிலேயே பிறந்தது. ஆயினும் வட்டிக்கடையின் வாசல் தேய்வது நிற்கவில்லை.

ஏன்? என் தந்தையாரைச் சொல்கிறேன். கைநாட்டு வைத்தவர் அவர். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் முந்நூறு ரூபாய் கடன். ஒவ்வோர் அறுவடைக்கும் நெல் அளந்தார். அளந்தது வட்டிக்கா முதலுக்கா என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்பதே தெரியவில்லை. நாலாம் ஆண்டில் முக்கால் ஏக்கர் போயிற்று. "தலைவிதி" என்றார் தந்தை. விதி அல்ல, வகுத்தல் தெரியாத குறை. எழுதியவன் பிரமன் அல்ல, பேரேட்டுக்காரன். நான் கணக்குப் படிக்கச் சென்றதற்கு அந்த முக்கால் ஏக்கரே காரணம்.

எனவே, பொதுப் பணத்தில் மக்களுக்குப் பணக் கணக்குச் சொல்லித் தருவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அந்தப் பொதுப் பணம் எது என்று பார்த்தால் வேடிக்கையும் வேதனையும் கலந்து வரும். பத்தாண்டு எவரும் தொடாத வங்கி வைப்புகள், 2014 இல் ரிசர்வ் வங்கி அமைத்த வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச்சு இறுதியில் அதில் 78,213 கோடி ரூபாய்! தந்தை போட்டது மகனுக்குத் தெரியாது. கணவன் போட்டது மனைவிக்குத் தெரியாது. அறியாமையால் மறந்த பணம், அறியாமையைப் போக்குவதற்கான நிதியாய் நிற்கிறது! உரியவர் எப்போது கேட்டாலும் திரும்பப் பெறலாம். தேடிப் பார்க்க 'உத்கம்' என்ற இணையதளத்தை 2023 இல் திறந்தார்கள். வகுப்பின் முதற்பாடம் இதுவாக இருக்கலாகாதா?

2017 முதல், தொண்டு நிறுவனங்களின் துணையோடு நிதிக் கல்வி மையங்களை ரிசர்வ் வங்கி நடத்துவிக்கிறது. ஆனால் மூன்று வட்டாரங்களுக்கு ஒரு மையம் என்பது கணக்கு. ஒன்றியத்தில் ஊர்கள் எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர், ஊருக்கு ஆண்டில் எத்தனை மணி? நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். தண்டல்காரரோ நாள்தோறும் வருகிறார், மழையிலும் வருகிறார்!

இன்னொன்றையும் கடுமையாகவே சொல்வேன். 'ஏழை ஏன் கடன்பட்டான்? சிக்கனம் அறியாததால்' என்று பழியை அவன் தலையில் ஏற்றிவிட்டுக் கைகழுவுவதற்கு இக்கல்வி கருவியாகிவிடக் கூடாது. மருத்துவச் செலவுக்குக் கடன்பட்டவளிடம் தேனீயைக் காட்டி என்ன பயன்? அறியாமை ஏழைக்கு மட்டும் சொந்தமா, என்ன? சென்னையின் ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022 இல் காவல்துறை வழக்குத் தொடுத்தது. ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்கிறது காவல்துறை. மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று ஆசை காட்டினார்களாம். மாதம் முப்பது என்றால், வட்டியோடு சேர்ந்து பெருகும் ஒரு லட்சம், ஓராண்டில் இருபத்து மூன்று லட்சம்! எந்த வணிகம் இதை ஈட்டும்? அந்த ஒரு லட்சம் பேரும் கைநாட்டுக்காரர்களா? அட்சய திருதியையன்று தங்கம் வாங்கினால் செல்வம் பெருகும் என்று வரிசையில் நிற்கும் பட்டதாரியைவிட, 'வட்டி எவ்வளவு?' என்று கேட்ட மூதாட்டியே எனக்குக் கற்றவராகத் தோன்றுகிறார்.

ஆசிரியர்கள் இல்லை என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1989 இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று ஊர்தோறும் உண்டு. தீர்மானப் புத்தகமும் பேரேடும் எழுதிப் பழகிய ஊக்குநர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியம் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்லட்டும். கிராம சபை கூடும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். நுண்கடன் கொடுப்போர், வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத்தாளைக் கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியிலேயே தரவேண்டும் என்பது 2022 இலிருந்து விதி. அந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டட்டும். கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் எவரும் கேட்கமாட்டார், கேட்டால் ஏமாற்று, உடனே 1930 ஐ அழை என்று சொல்லட்டும். கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கப்படுகிறதே, அது காப்பீடு. கணவன் இறந்தால் இரண்டு லட்சம் கோரலாம் என்று கைம்பெண்ணுக்கு எடுத்துரைக்கட்டும்.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சியிலேயே மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கப் பெற்றது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். சில வங்கிகள் என்ன செய்தன? குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்திலேயே கைவைத்தன; நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க நேர்ந்தது. இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என ஒன்று உண்டு. அதில் அந்த அபராதம் கிடையாது. 'என் கணக்கை அப்படி மாற்று' என்று எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும். வகுப்பு முடிந்து நான் புறப்படுகையில், மாகறல் பெண்கள் ஒன்பது பேர் அந்தத் தாளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.