வீட்டுல செஞ்ச பால்கோவாவும் வெண்ணெய் கேக்கும்: ஒரு நீள இழை

1/
"கடையில வாங்கல டாக்டர், வீட்டுல செஞ்சதுதான்."

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் முடிஞ்ச வாரங்களில் சர்க்கரை நோய் ஓபியில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இது. ரிப்போர்ட்டில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 300ஐத் தாண்டியிருக்கும். ஆனா சொல்றவங்க முகத்துல ஒரு தைரியம் இருக்கும். வீட்டுல செஞ்சதாச்சே!

2/
வீட்டில் பால்கோவா, கேரமல் புட்டிங், வெண்ணெய் கேக் செய்வது பற்றித்தான் இந்த இழை. "தொடவே தொடாதீங்க" என்று சொல்வதற்காக எழுதவில்லை மக்களே. லீவு நாளில் பால் சுண்டுற வாசனை வந்தா எனக்கே வேற வேலை ஓடாது. வீட்டில் செய்வதில் ஒரு பெரிய லாபம் இருக்கு. ஆனா நிறைய பேர் நினைக்கிற லாபம் வேற.

3/
முதலில் கணக்கு. பால்கோவாவை எடுத்துக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் இருப்பது பால், சர்க்கரை. அவ்வளவுதான்.

கொழுப்பு நீக்காத பால் பாக்கெட்டில் 6% கொழுப்பு என்று போட்டிருக்கும். அப்போ 1 லிட்டரில் சுமார் 60 கிராம் கொழுப்பு. அடி கனமான பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கிளறினால் தண்ணீர்தான் போகும். கொழுப்பு எங்கேயும் போகாது. 100 கிராம் சர்க்கரை சேர்த்து இறக்கினால் கையில் நிற்பது சுமார் 300 கிராம்.

ஒருத்தருக்கு 50 கிராம் என்றால், 10 கிராம் கொழுப்பு, நாம் சேர்த்த சர்க்கரை மட்டும் 17 கிராம்.

4/
அடுத்து கேக். பவுண்டு கேக் என்பதன் இலக்கணம் ரொம்ப எளிது: மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நாலும் சம எடை. ஒவ்வொன்றும் 250 கிராம் போட்டு, வெந்ததைப் பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் சர்க்கரை 25 கிராம், வெண்ணெய் 25 கிராம். மொத்தம் சுமார் 400 கலோரி. நாலு இட்லியை விட அதிகம். ஆனா இட்லி சாப்பிட்டா வயிறு நிறையும். கேக் துண்டு "இன்னொண்ணு எடு"ன்னு சொல்லும்.

5/
இந்த 25 கிராமை ஞாபகம் வெச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளில் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம்தான் 25 கிராம், சுமார் 6 டீஸ்பூன். காபி, டீ, பிஸ்கட் எல்லாம் இதுக்குள்ளேயே அடங்கணும். ஒரு துண்டு கேக்கோட அன்னைக்குக் கோட்டா முடிஞ்சது.

6/
அப்போ வீட்டுல செஞ்சா என்னதான் லாபம்?

ஒண்ணு, வனஸ்பதி. டின்னில் உறைந்து கிடக்கும் அந்தக் கொழுப்பில் ஒரு காலத்தில் டிரான்ஸ் கொழுப்பு நிறைய இருந்தது. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூட்டி, நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் குறைக்கிற வகை அது. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. வீட்டில் எந்தக் கொழுப்பு போடுறோம்னு நமக்குத் தெரியும். ஆனா வெண்ணெயும் நெய்யும் மருந்து கிடையாது. வெண்ணெயில் பாதி எடை நிறைவுற்ற கொழுப்புதான்.

7/
ரெண்டாவதுதான் நிஜமான லாபம். சர்க்கரை டப்பா உங்க கையில இருக்கு. கடைக்காரர் கலந்து முடிச்சதை யாராலும் பிரிக்க முடியாது. வீட்டில் கலப்பதற்கு முன்னாடியே நிறுத்தலாம்.

வீட்டுப் பலகாரத்தோட ஆரோக்கியம் "வீடு"ங்கிற சொல்லுல இல்லை. "அளவு"ங்கிற சொல்லுலதான் இருக்கு.

8/
எங்கே குறைக்கலாம்?

பால்கோவாவில் சர்க்கரையைக் கடைசியில் போடுங்க. பாலிலேயே லாக்டோஸ் என்கிற சர்க்கரை இருக்கு, லிட்டருக்கு 45 முதல் 50 கிராம் வரை. பால் சுண்டச் சுண்ட அந்த இனிப்பு கூடிக்கிட்டே போகும். பழுப்பு நிறமும் வாசனையும் பாலின் புரதமும் லாக்டோஸும் சூட்டில் சேர்வதால் வருவது. அதுக்கு நாம போடுற சர்க்கரை தேவையே இல்லை. திரண்டு வரும்போது ருசி பார்த்துப் போட்டால் 100 கிராம் போடுற இடத்தில் 60 கிராம் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க: லாக்டோஸும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். "சர்க்கரையே போடாத பால்கோவா"வும் அளவோடுதான்.

9/
கேக்கில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேற வேலையும் உண்டு. ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெதுமெதுப்பைக் கொடுக்கும். அதனால் பாதியாகக் குறைத்தால் கேக் வறண்டு ரஸ்க் மாதிரி ஆகிடும். 250 கிராமுக்கு 175 கிராம் வரை குறைத்தால் பெரிசா வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டுக்கு ஏழரை கிராம் மிச்சம்.

அவன் இல்லையா? குக்கரின் வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு மேலே கேக் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் வேக விடலாம்.

10/
என் சிபாரிசு கேரமல் புட்டிங். அரை லிட்டர் பால், 4 முட்டை, சர்க்கரை 60 கிராம், கேரமலுக்குத் தனியா 30 கிராம். இட்லிப் பானையில் மூடி வைத்து அவிக்கலாம். ஆறு பேருக்குப் போட்டால் தலைக்கு 15 கிராம் சர்க்கரை, கூடவே நல்ல புரதம், வெண்ணெய் கிடையாது.

தீ சிறுசா இருக்கணும். தண்ணி தளதளன்னு கொதிச்சா முட்டைப் புரதம் இறுகி, உள்ளே இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு வெளியே தள்ளும். புட்டிங் முழுக்க ஓட்டை ஓட்டையா வருதுன்னு புலம்புறவங்களுக்குக் காரணம் இதுதான்.

11/
மூன்று நம்பிக்கைகள்.

"நாட்டுச் சர்க்கரை போட்டேன், கருப்பட்டி போட்டேன்." ரெண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். தேனும் சர்க்கரைதான். ருசிக்காகப் போடுங்க. சர்க்கரை நோய்க்காகப் போடாதீங்க.

"கண்டென்ஸ்டு மில்க்தானே, பால்தானே." டின்னைத் திருப்பி லேபிளைப் படிங்க. எடையில் பாதி அளவுக்குச் சர்க்கரைதான். அதுக்கு மேல தனியா சர்க்கரை போடுறது வெட்டிச் செலவு.

"பிரெஷ் க்ரீமை எவ்வளவு அடிச்சாலும் நிக்கல." பாக்கெட்டில் 25% கொழுப்பு என்றால் நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் இருக்கணும், ஜில்லுனும் இருக்கணும். இதுக்குப் பதிலா மலிவா நிக்கிற க்ரீம் பல, பால் சம்பந்தமே இல்லாத தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்தவை.

12/
இப்போ ஒரு சின்னக் கதை. நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிற கஸ்டர்ட் பவுடர் எப்படி வந்தது தெரியுமா?

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். மனைவிக்கு முட்டை ஒத்துக்காது. கஸ்டர்டோ முட்டை இல்லாமல் ஆகாது. 1837இல் அவர் முட்டைக்குப் பதிலாகச் சோள மாவை வைத்துக் கெட்டியாகும் கஸ்டர்டைச் செய்தார். அந்த அம்மாவுக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்காது. அதுக்காக 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார்.

13/
எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "உனக்கு ஒத்துக்காது, நீ சாப்பிடாதே" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் சாப்பிட்டிருக்கலாம். பலகாரத்தை மாற்றினார். ஆளை ஒதுக்கவில்லை.

நம்ம வீடுகளில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அதில் பாதிப் பேராவது விசேஷ நாளில் "அப்பாவுக்குச் சுகர், வைக்காதே" என்ற குரலைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

14/
எங்க ஓபிக்கு வரும் ஒரு அம்மா. வயசு 58. கால் பெருவிரலில் புண், ஆறவே மாட்டேங்குது. மாத்திரை ஒழுங்காப் போடுறாங்க, ஆனா சர்க்கரை இறங்கல. கூட வந்த மகள் அடிச்சுச் சொல்றாங்க: "எங்களுக்கெல்லாம் செஞ்சு கொடுப்பாங்க டாக்டர், அவங்க ஒரு துண்டு கூட வாயில வைக்க மாட்டாங்க."

மகள் மருந்து வாங்கப் போன நேரத்தில் அந்த அம்மா மெதுவாச் சொன்னாங்க. "சட்டியில ஒட்டினதைச் சுரண்டிச் சாப்பிடுவேன் சாமி. அது கணக்குல வராதுல்ல?"

15/
கணக்குல வரும் மக்களே. சட்டியில் ஒட்டுவதுதான் நல்லாச் சுண்டி இறுகிய பகுதி. அதைவிட எனக்கு வலித்தது வேறு. ஒரு மணி நேரம் அடுப்பு முன்னாடி நின்னு கிளறினவங்க அவங்க. சாப்பிட்டது எல்லாரும் போன பிறகு, நின்னுக்கிட்டே, திருட்டுத்தனமா.

மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். மாசத்துக்கு ஒரு தடவை செய்யுங்க. அன்னைக்கு அம்மாவுக்கும் ஒரு டீஸ்பூன் தட்டில் வைங்க. மத்தியானச் சாப்பாட்டோடு, எல்லாரோடும். ஒரு கரண்டி சோறு குறைச்சுக்கட்டும். சட்டியில் உடனே தண்ணி ஊத்திடுங்க. கிளறுற வேலையைப் பேரன்கிட்ட கொடுங்க, அவனுக்கும் அருமை தெரியட்டும்.

புண் ஆற மூணு மாசம் ஆச்சு. அதுக்குக் காரணம் இன்சுலினும், ஒருநாள் தவறாம போட்ட டிரெஸ்ஸிங்கும்தான். ஆனா அதுக்குப் பிறகு என்ன சாப்பிட்டாங்கன்னு அவங்க என்கிட்ட மறைக்கல. மறைக்காத பேஷண்டுக்குத்தான் மருந்தைச் சரியா அளந்து கொடுக்க முடியும்.

16/
எல்லாருக்கும் இதே டீஸ்பூன் பொருந்தாது. சர்க்கரை ரொம்ப ஏறி நிற்பவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்கள் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாருமே செய்யக் கூடாது. "ஸ்வீட் சாப்பிட்டேன், அதனால ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிட்டேன்." சில மாத்திரைகள் சாப்பிட்டது செரிச்ச பிறகும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நடு ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து நனைஞ்சு, நினைவில்லாமல் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

17/
அதே மாதிரி, தாழ் சர்க்கரை வந்தவருக்குப் பால்கோவாவோ சாக்லேட்டோ கொடுக்காதீங்க. கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அந்த இனிப்பு ரத்தத்தில் சேர நேரமாகும். மூணு டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணியில் கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்க. மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108க்குக் கூப்பிடுங்க.

18/
இன்னொரு ஆபத்து, கெட்டுப்போதல். பாலும் முட்டையும் க்ரீமும் கிருமிக்கும் பிடிச்ச சாப்பாடு. சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைங்க. நம்ம ஊர் மே மாசத்தில் ஒரு மணி நேரம்தான். கையில் புண் உள்ளவர் க்ரீமைத் தொட வேண்டாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் அழியாது. பிறந்தநாள் விழா முடிஞ்ச சில மணி நேரத்தில் மொத்தக் குடும்பமும் வாந்தியோடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பச்சை முட்டை சேர்க்கும் மூஸ் வகைகள் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயசானவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

19/
சுருக்கமா:

கிச்சன் தராசு ஒண்ணு வாங்குங்க. "ஒரு கப்" என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு.
கொஞ்சமாச் செய்யுங்க. மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தால் கை போகும்.
செஞ்ச அன்னைக்கே பங்கு பிரிச்சு, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து முடிச்சிடுங்க.
வெறும் வயித்துல, ராத்திரி படுக்கும் முன்னாடி வேண்டாம்.

20/
வர்ற ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போறவங்க, முதலில் உங்க வீட்டில் "அவங்களுக்கு வைக்காதே" என்று சொல்லப்படுகிறவர் யாருன்னு யோசிங்க. அவர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதில் ஆரம்பித்து, அதுக்கேத்த மாதிரி சர்க்கரையை அளங்க. மத்தவங்களுக்கும் அந்த இனிப்பு போதும்.

சந்தேகம் இருந்தா கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.