நேட்டால் தாத்தாவின் எண்

எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், அண்ணன் தம்பி மூவருக்கும் கழனியைப் பிரித்துக் கொடுத்த பிறகு ஒரு துண்டு நிலம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நேட்டாலுக்குக் கப்பலேறிப் போன கடைசித் தம்பி திரும்பி வந்தால் அனுபவிக்க வேண்டியது என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் நேட்டால் தாத்தாவான அவர் வரவேயில்லை. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் என் பாட்டி காலம்வரை அதற்கு ‘நேட்டால் கழனி’ என்றுதான் பெயர். 1990களில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது மற்ற கழனிகளோடு அதுவும் போயிற்று. 1998இல் அங்கே எழுந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. எங்களிடம் மிஞ்சியது பத்திரம்தான். அதன் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் துறைமுகமான டர்பனுக்குப் போனேன்.

விமானம் தாழ இறங்கும்போதே கரும்புத் தோட்டங்கள் தெரிந்தன. கடலை நோக்கிச் சரியும் மேடுகளில் பச்சை அலையலையாகப் போகிறது. வெளியே வந்தால், எனக்காக நின்ற வாடகை வண்டி ஹூண்டாய் கிராண்ட் ஐ10! தென்னாப்பிரிக்காவுக்கு அந்த வண்டிகள் எங்கள் ஊரிலிருந்துதான் கப்பலேறுகின்றன. ஓட்டுநரிடம் சொன்னேன், அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். தாத்தாவைக் கொண்டுபோன அதே சென்னைக் கடல்வழி, அவர் நிலத்துப் பக்கத்திலிருந்து இப்போது இவற்றைக் கொண்டுவருகிறது. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேட்டால் கரும்பு முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் நின்றது. ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. 1866இல் ஆள் அனுப்புவது நின்றுபோய், 1874இல் மறுபடி தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம். எங்கள் ஊர் இருந்த செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப் பாசனக் கிராமங்களில் ஏரி வற்றினால் கழனி இல்லை, கழனி இல்லையென்றால் கூலி இல்லை. எங்கள் தாத்தா அந்தக் காலத்தில்தான் போனார். 1911வரை 1,52,184 பேர் அங்கே இறங்கினார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

அத்தனை பேருக்கும் பதிவு இருக்கிறது என்பதுதான் பெரிய வியப்பு. டர்பன் வெஸ்ட்வில்லில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல்களின் படிகளை அங்கே பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளி என்று கட்டம் கட்டமாகப் போகும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்த அடையாளங்கள் அவை. நம் ஊர்க் குடியானவன் உடம்பை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து எழுதிய கணக்குப்பிள்ளை வேறு எங்கும் இருந்திருக்க மாட்டான்; பார்த்தது சரக்கைப் பார்ப்பதுபோல என்பதை நினைக்க வயிறு எரிகிறது.

ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அதனால் தகப்பன் பெயரை வைத்துத் தேடினோம். அந்தப் பெயரில் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் பலர் வந்தார்கள். ஒரு வரியில் மட்டும் வலது காலில் தழும்பு. சின்ன வயதில் மாடு முட்டித் தாத்தாவுக்கு வலது கெண்டைக்கால் கிழிந்ததை என் பாட்டி, தான் பார்க்காவிட்டாலும் பார்த்ததுபோல் சொல்வார். அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஊர் திரும்பிய தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று அங்கே சொன்னார்கள். பிள்ளை பிறந்த பதிவிலும் கலியாணப் பதிவிலும் தாய் தகப்பனின் குடியேற்ற எண்ணைக் குறித்திருப்பார்கள். அந்த வழியே இறங்கி வந்து, மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்தில் ஒரு வீட்டில் நின்றேன். கதவைத் திறந்தவர் எழுபது தாண்டிய அம்மா. பேரப்பிள்ளைகள் அவரை, எங்கள் பக்கத்தில் போலவே, ஆயா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் சமையற்கட்டோடும் பூசையறையோடும் நின்றுவிட்டது. ஆனால் தாத்தாவின் எண் மனப்பாடம். நான் முதல் இரண்டு இலக்கம் சொல்வதற்குள் மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார்.

பூசையறையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்தார். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளியால் பெயர் வெட்டியிருந்தது. அது என்ன எழுத்தென்று மூன்று தலைமுறையாக வீட்டில் யாருக்கும் தெரியாதாம். படித்தேன். எங்கள் பத்திரத்தில் உள்ள தகப்பன் பெயர். நகலைப் பிரித்து அந்தப் பெயரையும், ஒதுக்கிய நிலத்தின் வரியையும் காட்டினேன். எங்களைத் தாத்தா மறந்துவிட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஊரார் தன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று அவர் கடைசிவரை நினைத்தாராம். ஆயா ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட்டு, “நிலம் வச்சிருந்தாங்களா?” என்று தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அன்று மாலை பக்கத்துக் கோயில்களுக்குக் கூட்டிப் போனார். கரும்பு ஆலைக் கூலிகள் எழுப்பிய அந்தக் கோயில்களுக்கு நூறு வயதுக்குமேல் ஆகிறது. புனித வெள்ளியன்று மாரியம்மனுக்கு அங்கே பெரிய திருவிழா. தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாள் அதுதான் என்பதால் அம்மன் அந்த நாளையே எடுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த கரும்புத் தோட்டத்தின் பெரும்பகுதி இப்போது கோல்ஃப் மைதானமும் மதில் சூழ்ந்த வீடுகளும். தாத்தா வெட்டிய கரும்பு நின்ற இடத்தை ஆயாவால் கைகாட்டத்தான் முடிந்தது. எங்கள் ஊரில் கழனியை நானும் அப்படித்தான் காட்டுவேன்.

பிரியும்போது ஆயா கேட்டது இரண்டு. ஒன்று, தாத்தாவின் தாயார் பெயர். பட்டியலில் தகப்பன் பெயர் மட்டுமே இருக்கிறது. அது எனக்கும் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சார்பதிவாளர் அலுவலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். இரண்டாவது, குலதெய்வம். அதற்குப் பதில் தயாராக இருந்தது: பொன்னியம்மன். கோயில் இன்னும் இருக்கிறது, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம்தான். ஆடி மாதம் பேரன்களோடு வந்து பொங்கல் வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வெல்லமும் அரிசியும் என் பொறுப்பு.