எண்களின் சாட்சியம்

தேர்தல் என்பது வாக்களிப்புடன் முடிந்துவிடுவதன்று. வாக்குகளை எண்ணி முடிவு கூறும்போதே அது நிறைவெய்துகின்றது. வாக்களிப்பதை வாக்காளர் தாமே செய்கின்றார். எண்ணுவதையோ அவருக்காக வேறொருவர், அவர் காணாத ஓரிடத்தில், பெரும்பாலும் இரவு வேளையிற் செய்கின்றார். ஆகவே வாக்காளர் ஒரு தேர்தலில் இரண்டு முறை நம்பிக்கை வைக்கவேண்டியவராகின்றார்: ஒன்று, தாம் தெரிவு செய்பவர் மீது, மற்றையது, அத்தெரிவை எண்ணுபவர் மீது. முதலாவது நம்பிக்கை பொய்த்தால் அடுத்த தேர்தலிலே திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது பொய்த்தாலோ, திருத்துவதற்குரிய வழியே அடைபட்டுப் போகின்றது.

புள்ளிவிபரவியலைக் கற்று அதனைக் கற்பித்தும் வருபவன் என்ற காரணத்தால், ஒவ்வொரு தேர்தலின் பின்னரும் பிற துறை நண்பர்கள் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. "முடிவுகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, கள்ள வாக்கைக் கணக்கினாலே பிடித்துவிட முடியாதா?" என்பதே அது. கணக்கு என்பது கட்சி சாராதது, அச்சத்துக்கோ ஆசைக்கோ வளையாதது என்ற எண்ணமே அவ்வினாவின் பின்னே நிற்கின்றது. ஒரு சொல்லிலே விடை கூறத்தக்க வினா அதுவன்று. இக்கட்டுரையை அதற்குரிய எனது சற்று நீண்ட விடை எனக் கொள்ளலாம்.

கணக்கின் ஆற்றலை முதலிற் காண்போம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி ருஷ்யாவிலே பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சியாகிய 'ஐக்கிய ருஷ்யா' 49 வீதத்துக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் தேர்தல் ஆணைக்குழு ஏறத்தாழ 95,000 வாக்களிப்பு நிலையங்களின் முடிவுகளையும் தனித்தனியே வெளியிட்டு வந்தது. அந்த அட்டவணைகளை எடுத்து ஆராய்ந்தவர்களுள் சேர்கெய் ஷ்பில்கின் என்னும் பௌதிகவியலாளர் முக்கியமானவர்.

அவர் வரைந்த வரைபு மிக எளிமையானது. ஒவ்வொரு நிலையத்திலும் பதிவு செய்யப்பட்ட வாக்காளருள் எத்தனை வீதத்தினர் வாக்களித்தனர் என்று கணித்து, ஒவ்வொரு வீதத்துக்கும் எத்தனை நிலையங்கள் உள்ளன எனக் குறித்தார். பல நாடுகளின் தேர்தல்களில் இத்தகைய வரைபு ஒரு மணியின் வடிவினைப் பெறும்: நடுவிலே உயர்ந்து இருபுறமும் தாழும். 2011இல் ருஷ்ய வரைபின் இடப்பக்கம் அவ்வாறே எழுந்தது. வலப்பக்கமோ தாழவேண்டிய இடத்தில் தாழாது நூறு வீதம் வரை நீண்டு சென்றது. அதுமட்டுமன்று, 75, 80, 85, 90 என்னும் எண்களிலே கூரிய முனைகள் நிமிர்ந்து நின்றன. அக்காலத் தேர்தல் ஆணைக்குழுத் தலைவரின் பெயரால் அப்பற்களை 'சூரொவின் ஈர்வாள்' என ருஷ்யர் ஏளனமாக அழைத்தனர்.

இன்னொரு குறியும் புலப்பட்டது. வாக்களிப்பு வீதம் ஏற ஏற ஆளுங்கட்சியின் பங்கும் ஏறிச் சென்றது. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆயிரம் வாக்காளரைக் கொண்ட ஒரு நிலையத்தில் ஐந்நூறு பேர் வாக்களிக்க, அவர்களுள் இருநூறு பேர் ஆளுங்கட்சியை ஆதரிக்கின்றனர் எனக் கொள்வோம். வாக்களிப்பு 50 வீதம். கட்சியின் பங்கு 40 வீதம். மாலையில் யாரோ முந்நூறு வாக்குச்சீட்டுகளை அக்கட்சிக்கெனப் புள்ளடியிட்டுப் பெட்டியினுட் திணிக்கின்றார். இப்போது வாக்களிப்பு 80 வீதம். கட்சியின் பங்கு 62.5 வீதம். திணிப்பவர் ஒன்றை உயர்த்த முயன்றால் மற்றதும் கூடவே உயர்கின்றது. இக்களவு தனது காலடித் தடத்தைத் தானே பதித்துச் செல்கின்றது எனலாம்.

அவ்வாண்டு டிசம்பரில் மொஸ்கோவின் கடுங்குளிரில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் ஏந்திய பதாகைகளிற் சில, கௌஸ் என்னும் கணித மேதையை நம்புவதாகவும், செவ்வன் பரம்பலை ஆதரிப்பதாகவும் கூறின. ஒரு கணித வளையியின் பெயரைச் சொல்லி மக்கள் வீதிக்கு இறங்கினர் என்று அறிந்தபோது, அதே வளையியைக் கரும்பலகையிலே பல்லாண்டுகளாக வரைந்துவரும் எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. ஆயினும் அப்பெருமிதத்தினுள்ளே ஒரு கலக்கமும் இருந்தது. ஏனெனில், தேர்தல் முடிவுகள் செவ்வன் பரம்பலைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று கூறும் விதி கணிதத்தில் எங்குமில்லை.

நகரமும் கிராமமும் ஒரே வகையாக வாக்களிப்பதில்லை. ஒரு நாட்டில் இருவேறு சமூகங்கள் இருவேறு ஆர்வத்துடன் வாக்களித்தால், வரைபில் ஒரு மேட்டுக்குப் பதிலாக இரண்டு மேடுகள் தோன்றக்கூடும். வாக்களிப்பு வீதம் உயர்ந்த இடங்களில் ஒரு கட்சி கூடுதலான பங்கைப் பெறுவதும் களவின்றியே நிகழலாம். பிரித்தானியாவில் வசதி படைத்தோர் வாழும் தொகுதிகளில் வாக்களிப்பும் மிகுதி, பழைமைவாதக் கட்சியின் ஆதரவும் மிகுதி என்பது நெடுங்காலமாகக் காணப்பட்ட உண்மை. ருஷ்ய ஆணைக்குழுவின் சார்பில் வாதிட்டோர் இதனையே எடுத்துக்காட்டினர். அவ்வாதத்தை எள்ளி ஒதுக்கிவிடுதல் ஆய்வாளனுக்கு அழகன்று.

ஈர்வாளின் பற்களுக்கு மாத்திரம் இத்தகைய சமாதானம் கூறுவது கடினம். கிராமத்தவர் ஆயினும் நகரத்தவர் ஆயினும், 84.6 வீதத்தை விடுத்து 85 வீதத்தை விரும்பி வாக்களிக்கச் செல்வதில்லை. 85 என்னும் முழு எண்ணை விரும்புபவர் மேசையின் முன்னிருந்து அறிக்கை எழுதுபவரே. இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மிகச் சிறிய நிலையங்களில் அரைவாசி, முக்கால் போன்ற எளிய பின்னங்கள் இயல்பாகவே அடிக்கடி தோன்றும். ஷ்பில்கினும் அவருடன் ஆராய்ந்த கொபாக், ப்ஷெனிச்னிகோவ் ஆகியோரும், தற்செயலால் மாத்திரம் எத்தனை முழு எண்கள் தோன்றும் என்பதைக் கணினியிற் பன்முறை பாவனை செய்து கணித்து, அதனைக் கழித்த பின்னரும் பற்கள் எஞ்சி நிற்பதை 2016இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர்.

மனித உள்ளம் எண்களைப் புனைவதில் எத்துணை இயலாமை உடையது என்பதை வகுப்பறையிலேயே காணலாம். நாணயமொன்றை நூறு முறை சுண்டியதாகப் பாவனை செய்து தலை, பூ என எழுதுமாறு மாணவரிற் பாதிப்பேரைக் கேட்பேன். மறுபாதியினர் உண்மையாகவே சுண்டி எழுதுவர். புனைந்தவர்களின் தாள்களிலே தொடர்ந்து ஆறு தலைகள் வருவது அரிது. உண்மையாகச் சுண்டியவர்களின் தாள்களிலோ அது அடிக்கடி வரும். தற்செயல் நாம் நினைப்பதிலும் ஒழுங்கற்றது. அந்த ஒழுங்கின்மையைப் போலி செய்ய நமக்குத் தெரிவதில்லை.

எனினும் மொஸ்கோவில் நடந்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வரைபன்று. ஒரு கண்காணிப்பு முயற்சியாகும். அந்நகரின் 3,164 வாக்களிப்பு நிலையங்களுள் 156 நிலையங்கள் ஏறத்தாழ எழுமாற்றாகத் தெரிந்தெடுக்கப்பட்டு, அவற்றுக்குத் தொண்டர்கள் கண்காணிப்பாளராக அனுப்பப்பட்டனர். ருஷ்யப் பொருளியலாளர் சிலர் அதன் பயனை 2013இல் வெளியிட்டனர். நகர் முழுவதிலும் ஆளுங்கட்சியின் பங்கு 47 வீதம் என அறிவிக்கப்பட்டிருக்க, கண்காணிப்பாளர் இருந்த இடங்களில் அது 36 வீதமாக இருந்தது. இங்கே செல்வந்தர், வறியவர், நகரம், கிராமம் என்னும் விளக்கங்கள் எவையும் செல்லா. நிலையங்கள் எழுமாற்றாகத் தெரியப்பட்டமையால், இரு பகுதிகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஒரு பகுதியில் ஒரு மனிதர் நாற்காலியிலமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கை அளவுக்கு மீறி நம்புவதாலும் கேடு விளையும். முதல் இலக்கங்கள் பற்றிய பென்போர்டின் விதி இதற்குத் தக்க சான்று. மடக்கை அட்டவணை நூல்களில் முற்பக்கங்களே பெரிதும் தேய்ந்திருப்பதை 1881இல் வானியலாளர் நியூகோம் கண்டு எழுதினார்; 1938இல் பென்போர்ட் அதனைப் பல்வேறு தரவுகளிற் சோதித்து விரித்துரைத்தார். இயல்பாகப் பெருகும் பலவகை எண் தொகுதிகளில், 1 என்னும் இலக்கத்தில் தொடங்குவன ஏறத்தாழ 30 வீதம். 9இல் தொடங்குவன 5 வீதத்துக்குங் குறைவு. 2020இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலின் பின்னர், பைடன் பெற்ற வாக்குகள் சிக்காகோ போன்ற நகரங்களில் இவ்விதிக்கு இணங்கவில்லை எனக் காட்டி, களவு நிரூபணமாயிற்று என்று பலர் முழங்கினர். ஆயின் அவ்விதி, எண்கள் பத்து, நூறு, ஆயிரம் எனப் பல படிகளுக்குப் பரந்து கிடக்கும்போதே பொருந்துவது. சிக்காகோவின் வாக்களிப்புப் பிரிவுகள் பெரும்பாலும் சில நூறு வாக்காளர்களைக் கொண்டவை. அங்கே பெரும்பான்மை பெறுபவரின் எண்ணிக்கை 3, 4, 5 என்னும் இலக்கங்களில் தொடங்குவதே இயல்பு. விதி பொய்க்கவில்லை, அது செல்லாத இடத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டது. பொய்யான குற்றச்சாட்டும் தேர்தலைக் களவாடும் ஒரு வழியே. நேர்மையாக எண்ணப்பட்ட வாக்கின் மீதும் மக்கள் நம்பிக்கை இழப்பாராயின், களவாடியவன் செய்ய விரும்பியதை அது செய்து முடித்துவிடுகின்றது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நாம் எங்கு நிற்கவேண்டும் என்பதை 2024ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி வெனிசுவேலாவில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தல் தெளிவுறுத்துகின்றது. அன்று நள்ளிரவின் பின் அறிவிக்கப்பட்ட முடிவு இது: நிக்கொலாஸ் மதுரோ 5,150,092 வாக்குகள், எட்முண்டோ கொன்சாலஸ் 4,445,978, ஏனையோர் 462,704. மொத்தம் 10,058,774. வாசகர் ஒரு தாளை எடுத்து, மொத்தத்தின் 51.2 வீதத்தைக் கணித்துப் பார்க்கட்டும்: 5,150,092.288 என வரும். 44.2 வீதம் 4,445,978.108, 4.6 வீதம் 462,703.604. கிட்டிய முழு எண்ணுக்குத் திருத்தினால், அறிவிக்கப்பட்ட மூன்று எண்களும் அப்படியே கிடைக்கின்றன. ஒரு தசம தானத்துடன் கூடிய வீதங்கள் இவ்வாறு தற்செயலாகப் பொருந்துவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. வாக்குகளிலிருந்து வீதம் பிறக்கவேண்டும். இங்கோ வீதத்திலிருந்து வாக்குகள் பிறந்தன போலும்.

எனினும் இந்நிகழ்தகவைக் களவு நடவாமைக்கான நிகழ்தகவெனக் கொள்ளுதல் தவறு. அது கூறுவது தற்செயல் என்ற விளக்கம் செல்லாது என்பதை மட்டுமே. மொத்த வாக்கையும் திருத்திய வீதங்களையும் மாத்திரம் பெற்ற ஓர் எழுதுவினைஞர் தனிவாக்குகளைப் பெருக்கி நிரப்பினார் என்றும் ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்தைச் சோதிப்பதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் வெளியிடுவதாகும். தேர்தற் சபை அதனைச் செய்யவில்லை. அதனைச் செய்தவர்கள் எதிர்க்கட்சியினர். அந்நாட்டில் வாக்களிப்பு முடிந்ததும் ஒவ்வொரு வாக்களிப்பு இயந்திரமும் தன் கணக்கைச் சீட்டாக அச்சிட்டுத் தரும். கட்சி முகவர்கள் அதிற் கையொப்பமிட்டுப் பிரதி பெறுவர். அம்முகவர்கள் இரவோடிரவாகச் சேகரித்த பிரதிகள் எண்பது வீதத்துக்கு மேற்பட்ட இயந்திரங்களின் கணக்கை உலகின் முன் வைத்தன. அவற்றின்படி கொன்சாலஸ் ஏறத்தாழ 67 வீதமும் மதுரோ 30 வீதமும் பெற்றிருந்தனர். தசம தானங்கள் ஐயத்தை எழுப்பின. கையொப்பமிட்ட சீட்டுகள் அதற்கு விடை கூறின.

நம் நாட்டுக்கு இதனாற் பெறப்படுவது யாது? நமது பாராளுமன்ற, சனாதிபதித் தேர்தல்களின் முடிவுகள் 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் அவற்றுள் அடங்கும் 160 தேர்தல் தொகுதிகளுக்கும் ஆகவே அறிவிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்துக்குமாக அன்று. நூற்றறுபது எண்களில் ஈர்வாளின் பற்களைத் தேடுதல் வீண்முயற்சி. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதிச் சர்வசன வாக்கெடுப்பின் ஒழுங்கீனங்கள் பற்றி நாம் அறிந்திருப்பவை, இலக்கங்களை ஆராய்ந்து பெறப்பட்டவை அல்ல. கண்டவர்கள் கூறியமையாலும், தேர்தல் ஆணையாளரே பின்னர் தமது அறிக்கையிற் பதிந்தமையாலும் அறியப்பட்டவை.

அவ்வாறாயின் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் வெளியிடுமாறு கோரலாமே எனின், நான் தயங்குகின்றேன். கணக்கியலாளனாக நான் அதனை விரும்புவேன். ஆயுதம் ஏந்தியோரின் நிழலில் வாக்களித்த கிராமங்களை அறிந்தவனாக அதற்கு அஞ்சுவேன். ஒரு சிற்றூரின் முந்நூறு வாக்குகளும் தனியே அச்சேறும்போது, ஒருவரின் வாக்கு மறைந்திருப்பினும் ஊரின் வாக்கு மறைந்திராது. தம்மை எதிர்த்த ஊர் எதுவென அறிய விரும்புவோர் எக்காலத்திலும் உளர். பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்தெண்ணும் வழக்கம் அவ்வூருக்கு ஒரு போர்வை; அதே போர்வை களவுக்கும் உதவக்கூடும். இவ்விரண்டினுள் எதனை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை எந்தச் சூத்திரமும் எனக்குக் கூறவில்லை. முகவர்களின் முன்னிலையில் நிலையந்தோறும் கணக்கெழுதி முத்திரையிட்டு, வழக்கெழும்போது நீதிமன்றம் திறந்து பார்க்கத்தக்கதாகப் பேணுதல் நடுவழியாகலாம் என்பது என் கருத்து. சட்டமும் அரசறிவியலும் பயில்வோர் இதனை ஆராயவேண்டும்.

நண்பர்களின் வினாவுக்கு எனது விடை இதுவே: கணக்குக் கள்வனைப் பிடிக்காது, எந்த வீட்டின் கதவைத் தட்டவேண்டும் என்பதை அது காட்டும். கதவைத் திறந்து பார்ப்பதற்கு, மழையிலும் இருளிலும் பெட்டியின் அருகே விழித்திருந்து, கண்டதற்குக் கையொப்பமிடும் ஒருவர் வேண்டும். அடுத்த தேர்தலில் அப்பணிக்கு இப்பல்கலைக்கழக மாணவர் பலர் முன்வருவராயின், நான் கரும்பலகையில் வரையும் வளையிகள் எல்லாவற்றிலும் அது பயனுடையதாகும்.